ஹயெக்கா, ஃப்ரீட்மனா, நோசிக்கா: யாரில் தொடங்குவது?

அர்ஜென்டினாவின் அதிபர் ஹவியர் மிலெய் வளர்க்கும் நாய்களில் ஒன்றின் பெயர் மில்டன். இன்னொன்றின் பெயர் மர்ரே. முதல் பெயர் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனுடையது, இரண்டாவது இன்னோர் அமெரிக்கப் பொருளியலாளர் மர்ரே ராத்பார்டுடையது. நாய்களை ஒரே வீட்டில் வளர்த்துவிடலாம். பெயருக்குரிய மனிதர்களை அப்படி ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க முடியாது. 1971இல் ராத்பார்ட் ஃப்ரீட்மனைத் தோலுரிப்பதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய கணக்கில் ஃப்ரீட்மன் சுதந்திரத்தின் நண்பரே அல்ல. அரசு இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு இன்னும் நன்றாக ஓடவைத்தவர். இத்தனைக்கும் அரசின் கையைக் குறுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

2023 தேர்தலில் மிலெய் வென்ற பிறகு இந்தப் பெயர்களும், இவர்களைப் போலவே அரசைக் குறுக்கச் சொன்ன ஆஸ்திரியப் பொருளியலாளர் ஹயெக், அமெரிக்கத் தத்துவவாதி நோசிக் போன்றோரின் பெயர்களும் செய்திகளில் அடிக்கடி அடிபடுகின்றன. ‘இவர்களில் ஒருவரைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது, யாரை வாசிக்கட்டும்?’ என்று என்னிடம் கேட்டவர்கள் சிலர் உண்டு. கேள்வி எளியதுதான். ஆனால் தவறான ஆளில் தொடங்கினால் ஒன்று பக்தராகிவிடுவோம், இல்லையென்றால் பத்தாம் பக்கத்திலேயே வெறுத்துப்போய் மூடிவிடுவோம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சிறு சிக்கல். லிபரலிசத்தைத் தாராளவாதம் என்கிறோம். தாராளமயம் என்றால் பொருளாதாரக் கொள்கை என்று ஆகிவிட்டது. லிபர்டேரியன் என்பதற்கு ஊன்றி நின்ற தமிழ்ச்சொல் இன்னும் இல்லை. தனிமனிதன் வாழ்வில் அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்ற இந்தக் கொள்கையை இங்கே சுதந்திரவாதம் என்று எழுதுகிறேன். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பட்டியலில் எல்லோரும் முதலில் சொல்லும் இருவருக்குமே அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. செயற்கையாகச் செய்த சொல், காதுக்கு இனிமையாக இல்லை என்றார் ஹயெக். நாவலாசிரியர் அயன் ராண்டோ தங்களை அப்படி அழைத்துக்கொள்பவர்கள்மேல் சீறி விழுந்தார்.

எதை வைத்து ஒப்பிடுவது? நடையின் எளிமை, நூலின் கனம் எல்லாம் இருக்கட்டும். என் அளவுகோல் ஒன்றுதான்: அரசு இதுவரை வரலாம், இதற்கு மேல் வரக்கூடாது என்ற கோட்டை இவர் எங்கே போடுகிறார், அந்தக் கோடு ஆட்டம் காணும் இடத்தை நமக்குக் காட்டுகிறாரா, மறைக்கிறாரா?

இந்த அளவுகோல் என் கண்டுபிடிப்பு அல்ல. அரசே பொருளாதாரத்தைத் திட்டமிட்டால் அது அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்த ஹயெக்கின் ‘தி ரோடு டு செர்ஃப்டம்’ 1944இல் வெளிவந்தது. போருக்குப் பிந்தைய உலக நாணய ஏற்பாட்டைப் பேசக் கூடிய பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்காக அமெரிக்கா செல்லும் பயணத்தில் அதை வாசித்த பிரிட்டிஷ் பொருளியலாளர் கெய்ன்ஸ், ஹயெக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பொருளாதாரத்தில் இருவரும் எதிரெதிர் முகாம். ஆனாலும் நூலின் அறநோக்கோடு ஆழமாக உடன்படுவதாகச் சொல்லிவிட்டு, அடுத்ததாக ஒரு குத்து வைத்தார். கோடு எங்கேயோ போட்டாக வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், ஆனால் எங்கே போடுவது என்பதற்கு எந்த வழியும் காட்டவில்லையே என்று கேட்டார். இந்த மரபின்மேல் எழுந்த கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது எனக்குத் தென்படவில்லை.

இனி ஆட்களுக்கு வருவோம். நான் தொடங்கியது அயன் ராண்டில். இளைஞர்கள் பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நூலகத்தில் எடுத்த அவருடைய நாவல் ‘அட்லஸ் ஷ்ரக்ட்’, ஆயிரத்து நூறு பக்கங்களுக்கு மேல். எனக்கு முன்னால் யாரோ பென்சிலால் அடிக்கோடு போட்டு வாசித்திருந்தார். பக்கத்துக்கு நாலு கோடு, ஆச்சரியக்குறி, சில இடங்களில் நட்சத்திரம். கதாநாயகன் வானொலியில் பேசத் தொடங்கும் இடம் வந்தது. அந்தப் பேச்சு மட்டும் அறுபது பக்கம் போகும். மூன்றாவது பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது. அதன் பிறகு ஒரு கோடுகூட இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். முடித்த கையோடு ஆறு மாதம் எல்லோரிடமும் சண்டை போட்டேன்.

ராண்டின் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு தந்தையின் மருந்துக்கடையைப் போல்ஷெவிக்குகள் பறித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர். 1926இல் அமெரிக்கா சென்றார். 12 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய ‘தி ஃபவுண்டன்ஹெட்’ 1943இல் வெளிவந்து அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. தனிமனிதனின் உழைப்பும் ஆக்கமும் யாருக்கும் காணிக்கை அல்ல என்ற உணர்ச்சியை அவரளவுக்கு யாரும் கதையாக்கியதில்லை. ஆனால் அவர் உலகத்தில் மாற்றுக் கருத்துக்காரன் என்றால் முட்டாள் அல்லது அயோக்கியன். நடுவில் ஆள் கிடையாது. ஹயெக்கின் நூலைப் படித்தபோது அதன் ஓரங்களில் அவர் வசைகளாக எழுதித் தள்ளியிருக்கிறார். அந்தக் குறிப்புகள் பின்னாளில் அச்சிலும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரரையே இப்படித் திட்டுபவரிடம் எதிராளியின் நியாயத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ராண்டை வாசித்தே தீர வேண்டும் என்றால் 1938இல் வந்த ‘ஆந்தம்’ போதும். ஒரே மாலையில் முடிந்துவிடும் குறுநாவல். ‘நான்’ என்ற சொல்லே மறைந்துபோன ஒரு சமூகத்தின் கதை. சண்டை போடும் காலம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வாரமாகக் குறையும்.

ஃப்ரெடெரிக் பாஸ்டியா வேறு வகை. பிரெஞ்சுப் பொருளியலாளர், 1801இல் பிறந்து 1850இல் காசநோயில் மறைந்தவர். இறந்த ஆண்டில் எழுதிய ‘காண்பதும் காணாததும்’ என்ற கட்டுரையில்தான் அந்த உடைந்த ஜன்னல் வருகிறது. கடைக்காரர் ஒருவரின் மகன் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். கூடி நின்றவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள்: கண்ணாடி உடையாவிட்டால் கண்ணாடிக்காரன் பிழைப்பது எப்படி? ஆறு பிராங்க் அவனுக்குப் போகிறது, தொழில் நடக்கிறது, நல்லதுதானே? பாஸ்டியா குறுக்கிடுகிறார். அந்த ஆறு பிராங்குக்குக் கடைக்காரர் தேய்ந்த செருப்பை மாற்றியிருப்பார், அல்லது ஒரு புத்தகம் வாங்கியிருப்பார். அந்தச் செருப்புத் தொழிலாளி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உடையாமல் இருந்தால் கடைக்காரரிடம் கண்ணாடியும் செருப்பும் இருந்திருக்கும். இப்போது கண்ணாடி மட்டும் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை அவர் மூன்று முறை எழுதினார். முதல் பிரதி வீடு மாறும்போது தொலைந்தது. இரண்டாவதை எழுதி முடித்து, தொனி கனமாகிவிட்டது என்று நெருப்பில் போட்டார். மூன்றாவதுதான் நம் கையில் இருப்பது. சாவு நெருங்கிய நிலையில் இருந்த ஒருவர் எளிமைக்காக ஒரு பிரதியைக் கொளுத்தினார் என்பதை, கனமாக எழுதுவதையே ஆழம் என்று நினைப்பவர்கள் கவனிக்கலாம். குறை என்றால், பாஸ்டியாவின் கோடு நேராக, தடிமனாக இருக்கிறது: தனிமனிதன் செய்தால் திருட்டு என்பது சட்டத்தின் பெயரால் செய்தாலும் திருட்டே. அதற்கு மேல் வரும் சிக்கல்களுக்கு அவரிடம் பதில் தேடக்கூடாது.

ஆஸ்திரியப் பொருளியலாளர் லுட்விக் ஃபான் மீசஸை முதல் வாசிப்புக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சந்தை விலைகள் இல்லாத சோசலிச அரசால் பொருளாதாரக் கணக்குப் பார்க்கவே முடியாது என்று 1920இல் அவர் எழுதிய கட்டுரை பெரிய சாதனை. 1949இல் வந்த ‘ஹியூமன் ஆக்‌ஷன்’ ஒரு மலை. ஏறுபவர்கள் ஏறட்டும்.

ஆனால் மீசஸ் பற்றிய ஒரு சம்பவத்தை விட முடியாது. 1947 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் மோன் பெலரனில் ஹயெக் ஒரு கூட்டம் கூட்டினார். சுதந்திரச் சந்தையை நம்பும் அறிஞர்கள் நாற்பது பேருக்குச் சற்றுக் குறைவாக வந்திருந்தார்கள். இளம் ஃப்ரீட்மனும் அவர்களில் ஒருவர். வருமான வரி, பங்கீடு பற்றிய விவாதம் சூடேறியபோது மீசஸ் எழுந்து, நீங்கள் எல்லோரும் சோசலிஸ்டுகள் என்று கத்திவிட்டு வெளியேறினார். ஃப்ரீட்மன் பின்னாளில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த அறையைவிடச் சோசலிஸ்டுகள் குறைந்த அறை அன்றைய ஐரோப்பாவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. கோட்டைப் பற்றிய சண்டை குடும்பத்துக்குள்ளேயே எவ்வளவு கொதிப்பானது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இனி ஹயெக். மேலே சொன்ன 1944 நூல் அவருடைய புகழ்பெற்ற நூல். மறு ஆண்டு ரீடர்ஸ் டைஜஸ்ட் அதைச் சுருக்கி வெளியிட, அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. ஆனால் அது போர்க்கால எச்சரிக்கை நூல். அதன் கவலைகளில் பாதி அந்த ஆண்டுகளுக்கே உரியவை. நான் கையில் கொடுப்பது வேறொன்று: 1945இல் ஒரு பொருளாதார இதழில் வந்த, சமூகத்தில் அறிவின் பயன்பாடு பற்றிய கட்டுரை. நீளம் பன்னிரண்டு பக்கத்துக்குள்தான்.

அதில் ஒரு வெள்ளீயக் கதை உண்டு. உலகில் எங்கோ வெள்ளீயத்துக்குப் புதிய பயன் ஒன்று கிளம்புகிறது, அல்லது ஒரு சுரங்கம் மூடப்படுகிறது. இரண்டில் எது நடந்தது என்பதே முக்கியம் இல்லை என்கிறார் ஹயெக். விலை ஏறுகிறது. வெள்ளீயத்தைப் பயன்படுத்தும் ஆயிரக்கணக்கானோர், காரணம் என்னவென்று தெரியாமலே, சிக்கனம் பிடிக்கிறார்கள், மாற்றுப்பொருள் தேடுகிறார்கள், அந்த மாற்றுப்பொருளின் மாற்றுப்பொருளுக்கும் தேவை எழுகிறது. யாரும் ஆணையிடவில்லை. தலைநகரில் உட்கார்ந்திருக்கும் எந்த அறிஞர் குழுவாலும் இந்தச் செய்தியை ஒன்று திரட்ட முடியாது. காரணம் அவர்கள் முட்டாள்கள் என்பதல்ல. அந்த அறிவு ஒரே இடத்தில் இருக்கும் பொருளே அல்ல. இந்த இயந்திரம் பாதிநேரம் சும்மா கிடக்கிறது, அந்தக் கப்பல் பாதி காலியாகத் திரும்புகிறது என்று அவரவர் கையிலும் சிதறிக் கிடக்கிறது.

ராண்டுக்கும் ஹயெக்குக்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது. மேதையை யாரும் தடுக்கக்கூடாது, அதனால் சுதந்திரம் வேண்டும் என்பது ராண்ட். மேதைக்கும் எல்லாம் தெரியாது, அதனால்தான் சுதந்திரம் வேண்டும் என்பது ஹயெக். எனக்கு இரண்டாவதுதான் காலத்தைத் தாங்கும் வாதமாகப் படுகிறது. நம் அறியாமையை ஆதாரமாக வைப்பவரோடு சண்டை போடுவது கடினம்.

ஆனால் அவருடைய கோடு? கெய்ன்ஸ் பிடித்த இடத்தில்தான் ஓட்டை. உணவு, உறைவிடம், உடை ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவை எல்லோருக்கும் அரசு உறுதிசெய்யலாம் என்று ஹயெக் 1944லேயே எழுதினார். சமூகக் காப்பீட்டையும் எதிர்க்கவில்லை. அப்படியென்றால் எது எல்லை? 1960இல் வந்த ‘தி கான்ஸ்டிட்யூஷன் ஆஃப் லிபர்ட்டி’யில், ஆளுக்கொரு சட்டம் இல்லாமல் எல்லோருக்கும் பொதுவான விதி என்று ஒரு பதில் தருகிறார். பாதி நிறைவு தரும் பதில். அதைவிடப் பெரிய கறை, பினோசேயின் சிலி. 1977இல் அங்கே சென்று சர்வாதிகாரியைச் சந்தித்தார். 1981இல் ஒரு சிலி நாளிதழுக்கு அளித்த பேட்டியில், தாராளவாதம் இல்லாத ஜனநாயகத்தைவிடத் தாராளவாதச் சர்வாதிகாரி மேல் என்ற பொருளில் பேசினார். அறியாமையைப் பாடமாகச் சொன்னவர், ஒற்றை ஆளின் கையில் குவிந்த அதிகாரத்துக்கு மட்டும் எப்படி விலக்குக் கொடுத்தார் என்ற கேள்விக்கு அவருடைய ரசிகர்கள் தரும் பதில் எதுவும் என்னைத் திருப்திப்படுத்தியதில்லை.

மில்டன் ஃப்ரீட்மனும் 1975இல் சிலி சென்றவர்தான். அந்தப் பயணம் வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்தியது. அதைத் தாண்டி, முழு நூல் ஒன்றை ஒரு மாதத்தில் வாசிக்க விரும்புபவருக்கு வசதியான தேர்வு அவர்தான். 1962இல் வந்த ‘கேப்பிடலிசம் அண்ட் ஃபிரீடம்’ சுமார் இருநூறு பக்கம். அரசு இன்று செய்துகொண்டிருக்கும், ஆனால் செய்யத் தேவையில்லாத வேலைகள் என்று பதினான்கை அதில் வரிசையாக எழுதியிருக்கிறார்: வாடகைக் கட்டுப்பாடு, குறைந்தபட்சக் கூலிச் சட்டம், அமைதிக்காலக் கட்டாய ராணுவ சேவை, தேசியப் பூங்காக்கள் என்று போகிறது. மருத்துவர்களுக்கு உரிமம் தருவதையே நிறுத்தலாம் என்று ஓர் அத்தியாயம். படிக்கும்போது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் எதிர்வாதம் யோசிக்க ஒரு வாரம் ஆனது.

ஃப்ரீட்மனின் பலம், அவர் கோட்டைப் போடுவதோடு அரசிடம் பேரமும் பேசுவார் என்பது. ஏழைகளுக்கு உதவி வேண்டுமா? நூறு திட்டங்களைக் கலைத்துவிட்டு, வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு அரசே பணம் தரும் எதிர்மறை வருமான வரியாகக் கையில் கொடுங்கள். கல்விக்கு அரசு செலவழிக்க வேண்டுமா? பள்ளிக்குக் கொடுக்காமல், விரும்பிய பள்ளியில் கட்டணமாகக் கட்டும் வவுச்சராகப் பெற்றோரிடம் கொடுங்கள். கட்டாய ராணுவ சேவையை ஆராய 1969இல் அமைந்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். 1973இல் அமெரிக்காவில் அந்த முறை நின்றது. தம் பொதுவாழ்வில் அதிக மனநிறைவு தந்த வேலை அதுவே என்று அவர் கருதினார். இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எவரும் இப்படி விரலால் சுட்டிக்காட்டத்தக்க ஒரு சுதந்திரத்தைப் பெற்றுத் தந்ததில்லை.

பேரத்துக்கு விலையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கருவூலத்தில் வேலை பார்த்த ஃப்ரீட்மன், சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையை வடிவமைத்தவர்களில் ஒருவர். அரசு இவ்வளவு பெரிதாக வளர அந்த முறை எப்படித் துணைபோனது என்பதைப் பின்னாளில் அவரே வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். ராத்பார்ட் தம் கட்டுரையில் இதை விட்டுவைப்பாரா?

மர்ரே ராத்பார்ட் நியூயார்க்காரர், 1926இல் பிறந்தவர். இந்தக் கூட்டத்தில் மிகத் தெளிவான நடை அவருடையது; வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வாதம் இறங்கும். அவருக்குக் கோடு போடும் சிக்கலே இல்லை: கோட்டுக்கு அந்தப் பக்கம் அரசு என்று ஒன்றே கிடையாது. வரி என்பது கொள்ளை. காவல், நீதிமன்றம் எல்லாம் தனியார் சேவை. 1973இல் வந்த ‘ஃபார் எ நியூ லிபர்ட்டி’யை வாசித்தால் ஒரு வாரம் அவர் சொல்வதெல்லாம் சரி என்றே தோன்றும். அந்த வாரத்தில் முக்கியமான முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

பிறகு 1982இல் வந்த ‘தி எதிக்ஸ் ஆஃப் லிபர்ட்டி’யில் குழந்தைகள் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். யாரையும் தாக்கக்கூடாது என்பது மட்டுமே சட்டக் கடமை. நன்மை செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இது அவருடைய அடிப்படை. அங்கிருந்து அடிமேல் அடிவைத்து நடந்து, தன் குழந்தைக்குச் சோறு போடவேண்டும் என்ற சட்டக் கடமை பெற்றோருக்கு இருக்கக்கூடாது என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். அறக்கடமை இருக்கலாம், அது வேறு என்கிறார். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் திரும்பிப் பார்த்து, அடிப்படையில் ஏதோ பிசகு என்று யோசித்திருப்பார்கள். ராத்பார்ட் திரும்பவில்லை. அதை நேர்மை என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது, வழி தவறியது தெரிந்த பிறகும் வேகம் குறைக்காத ஓட்டுநரின் நிதானம்.

ராபர்ட் நோசிக்கை இந்தப் பாதைக்கு இழுத்ததில் ராத்பார்டுக்கும் பங்கு உண்டு. அவருடனான நீண்ட உரையாடல் ஒன்றுதான் அரசற்ற நிலை பற்றிய ஆர்வத்தைத் தூண்டியது என்று நோசிக்கே நன்றியுரையில் குறிப்பிடுகிறார். 1974இல் வந்த அவருடைய ‘அனார்க்கி, ஸ்டேட் அண்ட் யுடோப்பியா’ மறு ஆண்டு அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. ஏற்றத்தாழ்வு மிகவும் பின்தங்கியவர்களுக்கு நன்மை தந்தால்தான் நியாயம் என்று, ஹார்வர்டில் அதே துறையில் இருந்த ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டுக்குப் பதில் அது. இனி அரசியல் தத்துவம் பேசுபவர்கள் ரால்ஸின் கோட்பாட்டுக்குள் நின்று வேலைசெய்ய வேண்டும், அல்லது ஏன் நிற்கவில்லை என்று சொல்ல வேண்டும் என்று எதிராளிக்கு மகுடம் சூட்டிவிட்டுத்தான் மோதுகிறார். ராண்டின் ஓரக் குறிப்புகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் உதாரணம் பலருக்கும் தெரியும். உங்களுக்குப் பிடித்த பங்கீட்டில் தொடங்குங்கள். பத்து லட்சம் பேர் அவருடைய ஆட்டத்தைக் காண ஆளுக்கு 25 சென்ட் மனமுவந்து தருகிறார்கள். அவர் கையில் இப்போது 2,50,000 டாலர். தொடக்கப் பங்கீடு நியாயம், கொடுத்தவர்கள் விரும்பிக் கொடுத்தார்கள். பிறகு இதில் அநியாயம் எங்கே நுழைந்தது?

எனக்கு அதைவிடப் பிடித்தது அடிமையின் கதை. ஒன்பது படிகள். முதல் படியில் கொடூரமான எஜமானின் அடிமை. அடுத்ததில் அவர் சற்று இரங்குகிறார். நான்காவதில் வாரத்தில் மூன்று நாள் எனக்கு வேலை செய், மற்ற நான்கு நாள் உன்னுடையது என்கிறார். ஐந்தாவதில் நகரத்துக்குப் போய் வேலை பார், சம்பளத்தில் ஏழில் மூன்று பங்கை அனுப்பிவிடு என்கிறார். பிறகு எஜமான் தம் அதிகாரத்தை உன்னைத் தவிர்த்த பத்தாயிரம் அடிமைகளிடம் தந்துவிடுகிறார். அவர்கள் வாக்களித்து உன்னைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். எட்டாவதில், அவர்கள் சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் உன் வாக்கு எண்ணப்படும். அப்படி ஒருநாளும் நடக்கவில்லை. ஒன்பதாவதில் உன் வாக்கும் மற்ற வாக்குகளோடு சேர்க்கப்படுகிறது. எந்தப் படியில் இது அடிமையின் கதையாக இல்லாமல் போனது என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். பதில் சொல்ல முயன்று பாருங்கள். நான் நான்கு, ஆறு, ஒன்பது என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

நோசிக்கின் கோடு தெளிவானது: வன்முறை, திருட்டு, மோசடி ஆகியவற்றிலிருந்து காப்பது, ஒப்பந்தங்களை நிலைநாட்டுவது. அதற்கு மேல் போகும் அரசு உரிமையை மீறுகிறது. ஆனால் அந்தக் கோடு எங்கே ஆடுகிறது என்பதை அவரே காட்டுகிறார். சொத்து நியாயமாக வந்ததா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. முந்தைய தலைமுறைகள் நிலத்தைப் பறித்தும் மனிதரை அடிமைப்படுத்தியும் சேர்த்திருந்தால்? அந்த அநீதியைச் சரிசெய்தாக வேண்டும், அதற்காகக் குறுகிய காலத்துக்கு இதைவிடப் பெரிய அரசு தேவைப்படவும் கூடும் என்று எழுதியிருக்கிறார். நோசிக்கை மேற்கோள் காட்டி வரியைத் திட்டுபவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள். உலகில் எந்த நாட்டு நிலப் பதிவேடு அந்தச் சோதனையில் தேறும்?

ஆகவே என் வரிசை இது. ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் பாஸ்டியாவின் ஜன்னல். இரண்டாவது மாலை கிடைத்தால் ஹயெக்கின் 1945 கட்டுரை. கொள்கை, சட்டம், பட்ஜெட் பற்றி விவாதிக்க விரும்புபவர் ஃப்ரீட்மனின் 1962 நூலை வாங்கட்டும். பதினான்கு வேலைகளில் எத்தனைக்குச் சம்மதம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம். எனக்கு ஐந்து தேறியது. தத்துவப் பயிற்சி கொஞ்சம் உள்ளவர், அல்லது பொறுமை உள்ளவர், நேராக நோசிக்குக்குப் போகலாம். நடுநடுவே குறியீடுகளும் கிளைவாதங்களும் வந்து மிரட்டும். முதல் பகுதியில் சிக்கிக்கொண்டால் ஏழாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கினாலும் குற்றமில்லை. ராத்பார்ட் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும், எதிர்வாதங்கள் கையில் சேர்ந்த பிறகு. பெரிய ராண்டை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நூல்தான், வேறு பேச்சில்லை என்று வற்புறுத்தினால் நோசிக் என்றுதான் சொல்வேன். எல்லாப் பொருளிலும் கடைசி வார்த்தையைச் சொல்லியாக வேண்டியதில்லை, மற்ற வார்த்தைகளுக்கும் இடம் உண்டு என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டு உள்ளே போகிறவர் அவர். 1989இல் வந்த ‘தி எக்ஸாமின்ட் லைஃப்’ நூலில், தாம் முன்பு முன்வைத்த சுதந்திரவாத நிலைப்பாடு போதாதது என்று இப்போது தோன்றுவதாகச் சொன்னார். எதிரிகள் கொண்டாடினார்கள், நண்பர்கள் துக்கம் காத்தார்கள். கடைசிக் காலத்தில் அளித்த ஒரு பேட்டியில், நான் விலகிப் போய்விட்டதாகச் சொல்வதெல்லாம் மிகை என்றார். 2002இல் இறந்தார். அடிமையின் கதைக்கு அவர் தரப்பிலிருந்து விடை வரவே இல்லை.